காயம் ஆறும் நாட்களுக்கு யார் பொறுப்பு?

(பெருநாள் கால்பந்துப் போட்டியை முன்னிட்டு மீமிசலில் நடந்த ஆட்டக்காரர்கள், பெற்றோர்கள் கூட்டத்தில் நமது அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





பந்தாட்டத்தைப் பற்றிப் பேசும் கூட்டத்துக்குத் தாய்மார்களை எதற்கு அழைக்கிறீர்கள் என்று சிலர் எங்களிடம் கேட்டார்கள். போட்டி முடிந்ததும் கோப்பையைப் பிள்ளைகள் தூக்குகிறார்கள். பிள்ளைக்குக் கால் போய்விட்டால், மறுநாள் காலையில் அவனைத் தூக்கிக் குளியலறைக்குக் கொண்டு போவது அவனுடைய அம்மா. அதனால்தான் அழைத்தோம்.

சென்ற ஆண்டு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். ஊருக்குத் தெரிந்த செய்திதான். சம்பந்தப்பட்ட தம்பியிடமும் அவருடைய அத்தாவிடமும் அனுமதி கேட்டுக்கொண்டுதான் பேசுகிறோம். பெயர் வேண்டாம்.

அரையிறுதி ஆட்டம். திரும்பி ஓட முயன்ற அந்தத் தம்பியின் வலது முழங்கால் முறுக்கிக்கொண்டது. உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டதாக அவரே சொன்னார். வெளியே கொண்டு வந்து உட்கார வைத்தோம். வலி மரத்துப்போகும் ஸ்ப்ரே அடித்தார்கள். ஐந்து நிமிடத்தில் எழுந்து நின்றார். கூட்டம் கைதட்டியது. அவருடைய அணி ஒரு கோல் பின்தங்கியிருந்தது. "முடியும்" என்றார். போட்டியை நடத்திய நாங்கள் மேடையில்தான் உட்கார்ந்திருந்தோம். ஒருவர்கூட 'வேண்டாம்' என்று சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், நாங்களும் கைதட்டினோம். பத்து நிமிடத்துக்குள் அதே கால் மடங்கி, இந்தமுறை எழ முடியாமல் விழுந்தார்.

ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது ஏசிஎல் என்னும் மூட்டு நார் அறுந்திருந்தது. தொடை எலும்புக்கும் கெண்டைக்கால் எலும்புக்கும் நடுவே மெத்தை போல இருக்கும் ஜவ்வும் கிழிந்திருந்தது. நார் முதல் தடவையே அறுந்திருக்கும் என்றும், நார் இல்லாத காலோடு மறுபடி ஓடியதில் ஜவ்வு கிழிந்திருக்கலாம் என்றும் மருத்துவர் சொன்னார். முதலாவது விதிப்படி நடந்தது என்று ஏற்றுக்கொள்கிறோம். இரண்டாவதில் எங்களுக்கும் பங்கு உண்டு. அதை இந்தச் சபையில் ஒப்புக்கொள்ளாமல் அடுத்த போட்டிக்குத் தேதி குறிக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

கதை அதோடு முடியவில்லை. மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்தது. நடக்க முடிந்தது. வீட்டில் அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய கடன் இருந்தது. தம்பி சுமை ஏற்றும் வேலைக்குப் போனார். படியில் ஒருமுறை, வண்டியில் ஏறும்போது ஒருமுறை என்று கால் இரண்டு தடவை வழுக்கியது. கத்தாருக்கு வந்திருந்த விசாவின் தேதி கடந்துபோனது. அறுவைச் சிகிச்சைக்குப் பணம் சேர மூன்று மாதம் ஆனது. சிகிச்சை முடிந்து இப்போது எட்டு மாதம். அல்ஹம்துலில்லாஹ், நன்றாக நடக்கிறார்.

பெரிய கிளப்புகளில் இப்படி ஒரு காயம் பட்டால் என்ன செய்கிறார்கள் என்று இந்த ஓராண்டில் விசாரித்தோம், படித்தோம், இயன்முறை மருத்துவரிடம் கேட்டோம். அதில் நமக்கு ஆகக்கூடியதைச் சொல்கிறோம்.

முதலாவது, ஆட்டக்காரன் மறுபடி இறங்கலாமா என்பதை ஆட்டக்காரனிடம் கேட்டு முடிவு செய்வதில்லை. அந்த நேரத்தில் அவன் உடம்பு சூடாக இருக்கிறது, வலி தெரியாது. அணி தோற்கிறது, ரோஷம் இருக்கிறது. அணியின் மருத்துவர் ஓடி வந்து மூட்டை அசைத்துப் பார்க்கிறார். அவர் கையைக் காட்டினால் பயிற்சியாளர் மாற்றாளை இறக்க வேண்டியதுதான். தலையில் அடி என்றால் இன்னும் கண்டிப்பு. மூளை அதிர்ச்சி என்ற சந்தேகம் வந்தாலே அவரை வெளியே எடுத்துவிட்டு, வழக்கமான கணக்கில் சேராமல் கூடுதலாக ஒருவரை இறக்கிக்கொள்ளும் ஏற்பாட்டை 2021 முதல் சோதனையாகவும், 2024 ஜூலை முதல் ஆட்ட விதிகளிலேயேயும் சேர்த்திருக்கிறார்கள். அணிக்கு ஆள் குறையும் என்ற பயத்தில் அடிபட்டவனை ஆட வைக்கக்கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

முகம்மது ஸலாஹை அறியாத பிள்ளை நம் ஊரில் இல்லை. 2018 மே 26 அன்று கீவ் நகரில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் விழுந்து தோளில் காயம்பட்டு அழுதுகொண்டே வெளியேறினார். உலகக் கோப்பைக்கு மூன்று வாரம்கூட இல்லை. எகிப்து உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றதே 28 ஆண்டுக்குப் பிறகு. ஜூன் 15 அன்று உருகுவேயோடு முதல் ஆட்டம். அன்று ஸலாஹின் பிறந்தநாளும்கூட. ஒரு நாடே அவரை எதிர்பார்த்தது. பயிற்சியாளர் அவரை வெளியே உட்கார வைத்தார், இறக்கவில்லை. எகிப்து ஒரு கோலில் தோற்றது. ஒரு தேசம் எதிர்பார்த்துக் காத்திருந்தபோதும் ஒருவரை உட்கார வைக்க முடிந்தது என்றால், நம் ஊர் அரையிறுதியில் நாம் ஏன் உட்கார வைக்கவில்லை?

இரண்டாவது, வலி போவது வேறு, குணமாவது வேறு. இதைத் தாய்மார்கள் மனதில் வைக்க வேண்டும். அறுந்த ஏசிஎல் நாருக்குப் பதிலாக, உடம்பில் வேறிடத்திலிருந்து நாரை எடுத்து மூட்டுக்குள் பொருத்துகிறார்கள். அந்த நார் உயிர்பிடித்து உறுதியாக மாதக்கணக்கில் ஆகும். வலியோ சில வாரத்திலேயே போய்விடுகிறது. ஆபத்து அந்த இடைவெளியில்தான். கிளப்புகள் இதைப் படிப்படியாகக் கடக்க வைக்கின்றன. முதலில் வீக்கம் வடிந்து முழங்கால் முழுவதும் நீட்டவும் மடக்கவும் வர வேண்டும். பிறகு தொடைத் தசைக்கு வலு. பிறகு நேர்கோட்டில் மெதுவான ஓட்டம், வேகமான ஓட்டம், அதன் பிறகுதான் சட்டென்று திரும்புவதும் குதிப்பதும். பிறகு தனியாகப் பந்தோடு பயிற்சி. அணியோடு, ஆனால் யாரும் மோதாமல் பயிற்சி. பிறகு முழுப் பயிற்சி. ஆட்டத்திலும் முதலில் பதினைந்து நிமிடம், அடுத்து அரைமணி என்று கூட்டுகிறார்கள். ஒரு படியில் வீக்கமோ வலியோ வந்தால் முந்தைய படிக்குத் திரும்ப வேண்டும்.

காலண்டரை மட்டும் பார்த்து அனுப்புவதும் இல்லை. காயம்பட்ட காலின் வலுவை நல்ல காலோடு ஒப்பிட்டு அளக்கிறார்கள். பொதுவாக நூற்றுக்குத் தொண்ணூறு பங்காவது வர வேண்டும் என்பது கணக்கு. நார்வேயிலும் அமெரிக்காவிலும் நடந்து 2016-ல் வெளியான ஓர் ஆய்வு, அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஒன்பது மாதம் வரை விளையாட்டைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததைக் கண்டது. ஐரோப்பியக் கிளப்புகளில் 2001 முதல் காயங்களைக் கணக்கெடுத்து வருகிறார்கள். அதே இடத்தில் திரும்ப வரும் காயம், முதல் காயத்தைவிட அதிக நாட்கள் உட்கார வைக்கிறது என்பது அந்தக் கணக்கு சொல்லும் பாடம்.

சவூதியில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு அல் ஹிலால் கிளப்பைத் தெரியும். அங்கே சேர்ந்த நெய்மார் 2023 அக்டோபர் 17 அன்று பிரேசிலுக்காக ஆடும்போது இடது முழங்காலில் ஏசிஎல் நாரும் ஜவ்வும் கிழிந்தன. நம் தம்பிக்கு வந்த அதே காயம். உலகத்தில் கிடைக்கும் மிகச் சிறந்த மருத்துவம் கிடைத்தது. அவர் மறுபடி அல் ஹிலாலுக்கு இறங்கியது 2024 அக்டோபர் 21. ஒரு முழு ஆண்டுக்கு மேல். அப்படியும் இரண்டாவது ஆட்டத்தில் தொடையின் பின்தசையைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார். அவ்வளவு வசதி உள்ளவருக்கே நிலைமை இது. நம் தம்பி மூன்று வாரத்தில் சுமை தூக்கப் போனார்.

ஏன் போனார்? புத்தி இல்லாமல் போகவில்லை. வீட்டில் அரிசி வாங்க வேண்டும், அதனால் போனார். இதுதான் இன்று நாங்கள் சொல்ல வந்த முக்கியமான விஷயம். நெய்மார் ஓராண்டு காத்திருக்க முடிந்ததற்குக் காரணம் மருத்துவர் மட்டுமல்ல. அவர் படுத்திருந்த மாதங்களிலும் ஒப்பந்தப்படி சம்பளம் உண்டு. கிளப் ஆட்டக்காரர் நாட்டுக்காக ஆடப் போய்க் காயம்பட்டு 28 நாளுக்கு மேல் ஆட முடியாமல் போனால், அந்தக் கிளப்புக்கே ஃபிஃபா ஈட்டுத்தொகை தருகிறது. 2012 முதல் இந்த ஏற்பாடு இருக்கிறது. ஆக, காத்திருப்பதற்கு ஆகும் செலவை அங்கே ஒருவர் ஏற்றுக்கொள்கிறார். நம் ஊரில் அந்தச் செலவு முழுவதும் அடிபட்டவன் வீட்டின் தலையில் விழுகிறது. "ரெஸ்ட் எடு தம்பி" என்று சொல்வது எளிது. அந்த ஓய்வுக்குக் கூலி யார் தருவது? போட்டி நடத்துகிறவர்கள் கோப்பைக்குப் பணம் திரட்டுகிறோம், பந்தலுக்குத் திரட்டுகிறோம், மைக் செட்டுக்குத் திரட்டுகிறோம். ஆடி விழுகிறவனுக்குத் திரட்டியதில்லை.

நம் மார்க்கம் நோயாளிக்குத் தந்திருக்கும் சலுகையை யோசித்துப் பாருங்கள். ரமலான் நோன்பு கடமை. நோயாளி அதை விட்டுவிட்டு, குணமான பிறகு களாச் செய்யலாம். நின்று தொழ முடியாதவர் உட்கார்ந்து தொழலாம், அதுவும் முடியாவிட்டால் படுத்துத் தொழலாம். கடமையான வணக்கத்திலேயே உடம்பு தேறும்வரை அவகாசம் இருக்கிறது. ஒரு பந்தாட்டத்தில் அந்த அவகாசம் இல்லை என்று நாம் எப்படிச் சொன்னோம்? உடம்பு நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அரையிறுதிக்காக அதைப் பாழாக்க யாருக்கும் உரிமை இல்லை. அந்த உடம்புக்கு உரியவனுக்கும் இல்லை, கைதட்டும் நமக்கும் இல்லை.

மூன்றாவது, மைதானத்தின் ஓரத்தில் இருக்க வேண்டிய ஏற்பாடு. 2004 டிசம்பர் 5, பெங்களூரு, ஃபெடரேஷன் கோப்பை இறுதி ஆட்டம். டெம்போ அணியின் பிரேசில் ஆட்டக்காரர் கிறிஸ்டியானோ ஜூனியர், இரண்டாவது கோலை அடித்த அதே கணத்தில் கோல்கீப்பரோடு மோதி விழுந்தார். எழவில்லை. 25 வயது. 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் டென்மார்க் ஆட்டக்காரர் கிறிஸ்டியன் எரிக்சன், யாரும் மோதாமலே, இதயம் நின்று விழுந்தார். உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்கினார்கள், அங்கேயே மின் அதிர்ச்சிக் கருவியை வைத்தார்கள். பிழைத்தார். எட்டரை மாதம் கழித்து, நெஞ்சில் பொருத்திய கருவியோடு இங்கிலாந்தில் மறுபடி ஆடினார். உயிரும் மரணமும் அல்லாஹ்வின் கையில். ஓரத்தில் பயிற்சி பெற்ற ஆள் நிற்பது நம் கையில்.

நான்காவது, சிகிச்சைக்குப் பிறகான கவனிப்பு. இதைச் சொல்லும்போது மனம் கனக்கிறது. 2022 நவம்பரில் சென்னையில் பிரியா என்ற 17 வயதுக் கல்லூரி மாணவி, கால்பந்து வீராங்கனை, மூட்டு நார் கிழிந்து அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். அதன் பிறகு போட்ட கட்டு இறுகி ரத்த ஓட்டம் தடைபட்டதால், காலையே எடுக்க வேண்டி வந்தது. நவம்பர் 15 அன்று அந்தப் பிள்ளை இறந்துபோனார். இரண்டு மருத்துவர்கள் மீது அரசு நடவடிக்கை எடுத்தது. அறுவைச் சிகிச்சைக்குப் பயப்பட வேண்டும் என்று சொல்ல இதை எடுக்கவில்லை. ஏராளமானவர்கள் அந்தச் சிகிச்சை செய்து நலமாக இருக்கிறார்கள். நாம் கற்க வேண்டியது இதுதான்: கட்டுப் போட்ட காலில் வலி குறையாமல் கூடிக்கொண்டே போனால், விரல்கள் மரத்தால், சில்லிட்டால், வெளுத்தோ நீலமாகவோ மாறினால், "காலையில் பார்ப்போம்" என்று இருக்கக்கூடாது. நள்ளிரவானாலும் செவிலியரை எழுப்புங்கள். மரியாதையாக, ஆனால் விடாமல் கேளுங்கள். பிள்ளை வலிக்கிறது என்றால் நம்புங்கள். படுக்கையருகே இருக்கும் தாய்தான் முதல் காவல்.

வீட்டு வைத்தியம் பற்றியும் ஒரு வார்த்தை. முழங்கால் முறுக்கியதும் சூடான எண்ணெய் போட்டு உருவி விடுவது நம் பக்கத்தில் வழக்கம். முதல் இரண்டு மூன்று நாள் அது கூடாது. உள்ளே கசியும் ரத்தமும் வீக்கமும் கூடும். ஓய்வு, துணியில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம், மிதமான கட்டு, தலையணை மேல் காலை உயர்த்தி வைத்தல். இவ்வளவு போதும். பிறகு மருத்துவர். ஜெகதாப்பட்டினத்திலிருந்தும் கோட்டைப்பட்டினத்திலிருந்தும் பெட்டி பெட்டியாக ஐஸ் வைத்து மீன் ஏற்றி அனுப்பும் கடற்கரை இது. சென்ற ஆண்டு அந்தத் தம்பியின் முழங்காலுக்கு வைக்க மைதானத்தில் ஒரு துண்டு ஐஸ் இல்லை என்பதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

காயம் வராமல் தடுக்கவும் வழி இருக்கிறது. ஃபிஃபா மருத்துவர்கள் வகுத்த '11 பிளஸ்' என்ற பயிற்சிக்கு 20 நிமிடம் போதும்: எட்டு நிமிடம் ஓட்டம், பத்து நிமிடம் தசை வலுவும் சமநிலையும், கடைசி இரண்டு நிமிடம் மறுபடி ஓட்டம். கருவி எதுவும் வேண்டாம். வாரம் இரண்டு தடவையாவது செய்ய வேண்டும். நார்வேயில் பதின்வயதுப் பெண் பிள்ளைகள் ஏறக்குறைய 1,900 பேரிடம் சோதித்து 2008-ல் வெளியிட்ட ஆய்வில், இதைச் செய்த அணிகளில் ஒட்டுமொத்தக் காயம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. தம்பிகளே, பைக்கிலிருந்து இறங்கியதும் பூட்ஸை மாட்டிக்கொண்டு ஓடாதீர்கள். ரமலானில் தராவீஹ் முடிந்து நடுராத்திரியில் ஆடுகிறவர்கள், தண்ணீரும் தூக்கமும் குறைந்த உடம்பு சீக்கிரம் அடிபடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இனி, நிர்வாகக் குழுவில் ஆலோசித்து இந்த ஆண்டுக்கு நாங்கள் எடுத்திருக்கும் முடிவுகள்.

ஒன்று, முழங்காலிலோ தலையிலோ அடிபட்டு வெளியே வந்தவர் அன்று மறுபடி இறங்க முடியாது. அணித் தலைவர் கேட்டாலும், நன்கொடை தந்த பெரியவர் சிபாரிசு செய்தாலும் இறங்க முடியாது. அவருக்குப் பதிலாக ஒருவரைக் கூடுதலாக இறக்கிக்கொள்ளலாம்.

இரண்டு, முதலுதவி தெரிந்த செவிலியர் ஒருவர், ஐஸ் பெட்டி, ஸ்ட்ரெச்சர், ஓட்டுநரோடு ஒரு வண்டி ஆகியவை தயாராக இல்லாமல் ஆட்டம் தொடங்காது. 108-ஐ யார் அழைப்பது, அறந்தாங்கிக்கு யார் கூடப் போவது என்பது முன்கூட்டியே எழுதி வைக்கப்படும். நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்யும் பயிற்சி, அணிக்கு இருவர் வீதம், போட்டிக்கு முன் நடக்கும்.

மூன்று, காலையில் மைதானத்தில் கல், கண்ணாடி, சீமைக்கருவேல முள் பொறுக்கும் வேலையை முதலில் ஆடும் இரு அணிகளும் சேர்ந்து செய்ய வேண்டும்.

நான்கு, பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டும். மூச்சிரைப்பு, இதயக் கோளாறு, மயக்கம், பழைய காயம் எதுவாக இருந்தாலும் மறைக்காமல் எழுதுங்கள். பெரிய காயத்துக்குப் பிறகு வருகிறவர், மருத்துவர் அல்லது இயன்முறை மருத்துவர் தந்த கடிதத்தோடு வர வேண்டும்.

ஐந்து, காயநிதி. மூன்றாம் பரிசுக் கோப்பையையும் வண்ண விளக்குகளையும் இந்த ஆண்டு நிறுத்திவிட்டோம். அந்தப் பணமும், அணிக்கு 500 ரூபாய் கட்டணமும், நீங்கள் தரும் சதகாவும் தனிக் கணக்கில் இருக்கும். ஜகாத் பணத்தை இதில் கலக்க மாட்டோம்; ஜகாத் பெறத் தகுதியுள்ள குடும்பம் என்றால் அதற்குத் தனியாக விண்ணப்பிக்கலாம். நம் போட்டியில் அடிபட்டு வேலைக்குப் போக முடியாத தம்பியின் வீட்டுக்கு, முதல் ஆறு வாரம், வாரம் 2,000 ரூபாய் போய்ச் சேரும். இது பெரிய தொகை இல்லை. ஆனால் மூன்றாவது வாரத்தில் சுமை தூக்கப் போகாமல் ஒருவரைத் தடுக்கும். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை எடுக்காத குடும்பங்களுக்கு அதை எடுத்துக் கொடுக்கவும் அறக்கட்டளை உதவும். அட்டையை அடிபட்ட பிறகு தேடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. சென்ற ஆண்டு அடிபட்ட அந்தத் தம்பி போன வாரம் எங்களைப் பார்க்க வந்தார். "எட்டு மாதம் ஆகிவிட்டது, வலியே இல்லை, இந்தப் பெருநாளுக்கு ஆடலாமா?" என்று கேட்டார். இயன்முறை மருத்துவரிடம் அனுப்பினோம். வலது காலின் வலு, இடது காலில் நூற்றுக்கு எண்பது பங்குதான் வந்திருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். நாங்கள் 'இல்லை' என்று சொன்னோம். தம்பிக்கு முகம் வாடிவிட்டது. எங்களுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. சென்ற ஆண்டு சொல்லியிருக்க வேண்டிய வார்த்தையை ஓராண்டு தாமதித்துச் சொல்லியிருக்கிறோம்.

அவருடைய அணியினர் இதற்காக எங்கள் மேல் கோபப்படலாம். பட்டுக்கொள்ளுங்கள். அவரை மைதானத்துக்குத் திரும்ப அழைப்பது நம் எல்லோருக்கும் ஆசை. வருகிற நாளில் இரண்டு காலிலும் உறுதியாக நின்று வரட்டும். கத்தார் விசாவுக்கும் நம் ஊர்க்காரர்கள் அங்கே மறுபடி முயற்சி செய்துகொண்டிருக்கிறார்கள். அவருக்காக துஆ செய்யுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் உடம்பையும் உயிரையும் பாதுகாப்பானாக. அடிபட்டவர்களுக்கு முழு ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.